முப்பத்தெட்டு எழுத்துக்குள்

உபி தொழிற்பேட்டை, ஆறாவது மாடி.
ஒன்பது மணிக்குக் குளிர்சாதனம் நின்றுவிடும்.
தொடரின் எட்டாம் பகுதி, நாற்பத்தோராம் நிமிடம்:
பூமிக்கு முந்நூறு ஆண்டுத் தொலைவில் ஒரு கலம்
ஒரே ஒரு சொல் அனுப்புகிறது.
அந்தக் கலத்தவர் மொழியில் வினைக்குக் காலம் கிடையாதாம்.
குறிப்பில் எழுதியிருக்கிறார்கள்:
வந்தது, வருவது, வரப்போவது மூன்றும் ஒன்றே.
தயவுசெய்து பிரிக்க வேண்டாம்.

பிரிக்க வேண்டாமாம்.
அதை என் மொழியிடம் போய்ச் சொல்லுங்கள்.
வாலைப் பிடித்துப் பார்க்காமல்
ஒரு வினையையும் உள்ளே விடாத மொழி.
யார் வந்தது, ஆணா பெண்ணா, ஒருவரா பலரா,
நேற்றா நாளையா.
உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடி தோற்றது.

பக்கத்து மேசையில் சியூ ஹுவா
இரண்டே எழுத்தைத் தட்டிவிட்டு
காலணியைத் தேடத் தொடங்கினாள்.
அவள் மொழியில் வினைகள்
கைக்கடிகாரம் கட்டாமல்தான் வெளியே போகும்.

சுஹைலா கொஞ்சம் யோசித்து
'பெலும்' என்று போட்டாள்.
இல்லை என்பதல்ல அது. இன்னும் இல்லை.
கல்யாணம் ஆயிற்றா என்று டாக்சிக்காரர் கேட்டால்
நாற்பத்தாறு வயதிலும் அதையேதான் சொல்வாள்,
கதவைச் சாத்தாமல்.

நான் முன்னும் பின்னுமாக நடந்தேன்.
நடக்கும்போதே இடித்தது.
முன்னோர், எனக்கு முன்னால் போனவர்கள்.
பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்றால், நாளைக்கு.
ஆக, போனதைப் பார்த்தபடியே
முதுகுப்பக்கமாக நடக்கிற ஆட்கள் நாங்கள்.
அப்புறம் எதிர்காலம் மட்டும் ஏன்
எதிரில் வருகிறது?
இவ்வளவு ஒடுங்கிய நடைபாதையில்
யார் யாருக்கு வழிவிடுவது?
மைலோ குவளையோடு வந்த சுஹைலா
என் தோளில் மோதி, கொஞ்சம் சிந்தி,
'சாரி' என்றாள். அதற்கும் காலம் இல்லை.

பிறகு வினைத்தொகை ஞாபகம் வந்தது.
ஊறுகாய்.
ஊறிய காய், ஊறுகிற காய், ஊறப்போகும் காய்.
மூன்று காலத்தையும் ஜாடியில் போட்டு
மூடியை இறுக்கிய சொல்.
வெற்றிபெற்றவள் மாதிரி 'வருகலம்' என்று தட்டி
சரிபார்க்கிற மணிமொழியனுக்கு அனுப்பினேன்.
'வெறுங்கலம் என்று படித்தேன்' என்றது பதில்.
அடுத்த வரியில்:
'மக்கள் ரிமோட்டை எடுத்துவிடுவார்கள் அக்கா.'

ஒன்பது ஐம்பத்திரண்டு.
மேசையில் கைப்பேசி அதிர்ந்தது. சேந்தன்.
'வந்துட்டேன்.'

எங்கே வந்துவிட்டார் என்று எனக்குத் தெரியும்.
ஜொகூர் பாலத்து நடுவில்,
மோட்டார்சைக்கிளில்,
ஏதாவது ஒரு முட்டை லாரிக்குப் பின்னால்.
பதினோரு வருடமாக இந்த இறந்தகாலத்தை
அனுப்பிக்கொண்டிருக்கிறார்.
சண்டை போட்டிருக்கிறேன்.
இலக்கணத்தோடு பொய் சொல்கிற ஆள் என்று
அவர் தங்கையிடம் சொல்லியும் இருக்கிறேன்.

இன்று அதைத் தள்ளி வைத்துப் படித்தேன்,
முந்நூறு ஆண்டு தள்ளி.
வினை முடிந்துவிட்டது.
வரிசையில் நிற்பது
உடம்பு மட்டும்தான்.

தட்டினேன்:
இதோ, வந்துட்டோம்.

எட்டே எழுத்து. முப்பது மிச்சம்.
திரையில் ஓடவிட்டுப் பார்த்தேன்.
இருட்டில் ஒரு புள்ளிகூட நகராத கலம்,
அடியில் வெள்ளை எழுத்தில்
எங்கள் வீட்டுச் சாக்கு.
சுஹைலா எட்டிப் பார்த்து அர்த்தம் கேட்டாள்.
சொன்னேன்.
'வந்தாங்களா, வரலையா?' என்றாள் மறுபடியும்.
பெலும், என்றேன்.
மைலோ மூக்கில் ஏறும் அளவுக்குச் சிரித்தாள்.

செம்பவாங்கில் மின்தூக்கி திறந்தபோது
பதினொன்றாகப் பத்து நிமிடம்.
வீடு இருட்டாக இருந்தது.
அந்தக் கலத்தவர் இந்தச் செய்தியைப் படித்திருந்தால்
காத்திருக்கத் தெரியாது அவர்களுக்கு.
நேராக நாற்காலியை இழுத்துப் போட்டு
தண்ணீர் ஊற்றி வைத்து
'கை கழுவிட்டு வாங்க' என்று
வெறும் வாசலைப் பார்த்துச் சொல்வார்கள்.

நாற்காலியை இழுத்துப் போட்டேன்.
தண்ணீரும் ஊற்றினேன்.
சொல்ல மட்டும் கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

லாரி இன்னும் நகரவில்லையாம்.